உதவித்தொகை: படிப்பே முதலில்
பொறியியல் கலந்தாய்வு நெருங்கும் வேளையில், எந்த உதவியை நாடுவது என்று பிளஸ் டூ மாணவர் தனியே தடுமாற விடக் கூடாது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தோருக்குத் தமிழ்நாட்டின் 2021 சட்டப்படி 7.5 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு; கல்வி, விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்கிறது. ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாயைத் தாண்டாத குடும்பத்து மாணவியருக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ-யின் ‘பிரகதி’ உதவித்தொகைத் திட்டம் ஆண்டுக்கு 50,000 ரூபாய் தருகிறது. பாலிடெக்னிக் பட்டயப் படிப்புக்கும் அது பொருந்தும். முன்னது சேர்க்கையோடு வருவது. பின்னது கல்லூரியில் சேர்ந்தபின் விண்ணப்பித்துப் பெறுவது. தொகையைப் பார்த்துப் படிப்பைத் தேர்வது தவறு. படிப்பை முடிவுசெய்து, அதற்குரிய உதவியை நாடுவதே முறை. உதவித்தொகை பெறத் தேவையான வருமானச் சான்றிதழ், ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு ஆகியவற்றுக்கான முகாமைப் பொதுத்தேர்வுக்கு முன்பே ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியிலும் கல்வித் துறை கட்டாயம் நடத்த வேண்டும்.