கோளாறு காதிலா, மொழியிலா?

“செருப்பைப் போட்டுட்டு, பையை எடுத்துட்டு வா” என்கிறார் அம்மா. நாலரை வயதுப் பையன் பையோடு வந்து வெறுங்காலுடன் நிற்கிறான். செவித்திறன் பரிசோதனையில் குறை இல்லை என்று வந்துவிட்டது. அடுத்து யாராவது ஒருவர் சொல்வார்: “ஒலியை மூளை கையாள்வதில் கோளாறு, கணினிப் பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடும்.”

இந்த எண்ணம் ஆதாரமில்லாமல் முளைத்ததல்ல. 1973இல் பாலா டல்லால், மால்கம் பியர்சி இருவரும் மொழி வளர்ச்சியில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு இரண்டு ஒலிகளை அடுத்தடுத்துக் கேட்க வைத்து, வந்த வரிசையைக் காட்டச் சொன்னார்கள். இடைவெளி குறையக் குறைய அந்தப் பிள்ளைகள் தடுமாறினார்கள், மற்றவர்களுக்குச் சிரமமில்லை. ‘பா’வையும் ‘தா’வையும் பிரித்துக் காட்டும் ஒலிமாற்றம் சுமார் 40 மில்லிநொடியில் முடிந்துவிடுகிறது. அதைப் பிடிக்க முடியாவிட்டால் சொல் எப்படித் தங்கும்? கேள்வி நியாயமானது. 1990களில், பேச்சொலியை நீட்டி ஒலிக்கும் ‘ஃபாஸ்ட் ஃபார்வேர்ட்’ விளையாட்டுகள் இதிலிருந்து பிறந்து, அமெரிக்காவில் நன்றாகவே விற்றன.

அவை பலிக்கின்றனவா என்று பார்க்க, 2008இல் ரொனால்ட் கில்லம் குழுவினர் மொழிக் குறைபாடுள்ள 216 பிள்ளைகளை நான்காகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஃபாஸ்ட் ஃபார்வேர்ட் மென்பொருள், இன்னொன்றுக்கு வேறு மொழி மென்பொருள், மூன்றாவதற்குப் பேச்சு சிகிச்சையாளர். நான்காவது பிரிவு கணக்கு, அறிவியல், புவியியல் விளையாட்டுகளை ஆடியது. நான்கு பிரிவும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேறின! நீட்டிய ஒலிக்குத் தனி மகிமை இல்லை. 2011இல் வெளியான ஆய்வுத் தொகுப்பும் அதையே சொன்னது.

ஒலியை மூளை கையாள்வதை அளக்கும் ‘கேட்டல் செயலாக்க’ச் சோதனைகளுக்குக் கவனமும் சொல்லறிவும் வேண்டும். அதனால்தான் ஏழு வயதுக்கு முன் பொதுவாக அவற்றைச் செய்வதில்லை. நாலு வயதில் ஒட்டப்படும் ‘கேட்டல் செயலாக்கக் கோளாறு’ என்ற பெயர் பெரும்பாலும் ஊகமே. மொழிக் குறைபாடோ அரிதல்ல: இங்கிலாந்தில் நடந்த ஆய்வின்படி, வேறு காரணம் எதுவும் தெரியாத மொழிக் குறைபாடு சுமார் 7 சதவீதப் பிள்ளைகளுக்கு இருக்கிறது. 30 பேர் வகுப்பில் இரண்டு பேர்.

காதை ஒருமுறை பார்த்ததோடு விடவும் கூடாது. சளியால் நடுச்செவியில் நீர் கோத்து வடிந்து மறுபடி கோக்கும்; இன்று தேறிய காது அடுத்த மாதம் மந்தமாகலாம். அதன்பின் பார்க்க வேண்டியது மொழியை: எத்தனை சொல், எவ்வளவு நீள வாக்கியம், சொன்னதில் எவ்வளவு புரிகிறது. பேச்சு சிகிச்சையை வீட்டு மொழியிலேயே செய்யலாம். ‘குழம்பிவிடுவான், இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள்’ என்ற அறிவுரைக்கு ஆதாரமில்லை. இந்தியாவில் 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் செவிக்குறையும் மொழித் தாமதமும் தனித்தனி இனங்கள். அதன் மாவட்ட மையத்துக்குப் போகிறவர்கள் இரண்டையும் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.