வெல்லம் தின்பவன் ஒருவன், விலை கொடுப்பவன் ஒருவனா?

கோட்டக்குப்பத்தைத் தாண்டித் தெற்கே சிறிது நடந்தால் புதுச்சேரி. காற்று ஒன்று, கடல் ஒன்று, பேசும் தமிழும் ஒன்று. மின்கட்டணம் மட்டும் வேறு! இந்தப் பக்கத்து வீட்டுக்குக் கட்டணம் விதிப்பது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். அந்தப் பக்கத்து வீட்டுக்கு விதிப்பது கோவாவுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் உரிய இணை ஆணையம். இதிலிருந்து ஓர் உண்மை புலப்படுகிறது. மின்கட்டணம் மழையைப்போல் வானத்திலிருந்து இறங்குவதன்று; மனிதர் கூடி முடிவு செய்வது. அப்படியானால் அது நியாயமா என்று கேட்கும் உரிமையும் மனிதர்க்கு உண்டன்றோ?

நாம் கட்டும் பணம் எரிந்த விளக்குக்கு மட்டுமே என்று எண்ணுகிறோம். மின்நிலையம், துணைமின் நிலையம், கோபுரம், கம்பி, இவற்றுக்காக வாங்கிய கடனுக்கு வட்டி ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். மின்சாரத்தை ஒருவரும் பயன்படுத்தாவிட்டாலும் இந்தச் செலவுகளில் பெரும்பகுதி நிற்காது. யாருக்காக இவை எழுப்பப்பட்டன, யார் தலையில் விழுகின்றன என்பதே கேள்வி.

"பெரிய ஆலைகள் அதிக விலை கொடுப்பதால்தானே ஏழை வீட்டில் விளக்கு எரிகிறது?" என்று நண்பர்கள் கேட்கலாம். அதில் உண்மை உண்டு. ஆலைகள் நமக்குப் பகையுமல்ல. நாளை நம்மில் பலருக்கு வேலை தரப்போவதும் அவையே. ஆனால் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் பெரும் நுகர்வோர்க்கு ஒரு வாசலைத் திறந்தது. வெளியாரிடம் மின்சாரம் வாங்கலாம்; சொந்தத் தேவைக்குத் தாமே உற்பத்தியும் செய்யலாம். சொந்த உற்பத்திக்கு, ஏழைகளின் சலுகையைத் தாங்கும் கூடுதல் கட்டணமும் கிடையாது.

ஆரல்வாய்மொழியிலும் பல்லடத்திலும் காற்றாலைகள் சுழன்றன. தூய மின்சாரம், மகிழ்ச்சியே! ஆனால் ஆடிக்காற்று அடங்கியதும் ஆலை மீண்டும் மின்வாரியத்தின் கம்பியைத்தான் நாடுகிறது. காற்றுக் காலத்தில் மிஞ்சிய யூனிட்டுகளைக் கணக்கில் சேமித்துப் பின்னர் எடுத்துக்கொள்ளும் வசதியும் அளிக்கப்பட்டது. அதற்கு ஆலைகள் கட்டிய கட்டணம் போதாது என்றது வாரியம். மிகை என்றன ஆலைகள். இந்த வாதத்தில் மரக்காணம் உப்பளத்தில் வெயிலில் நின்று உப்பு வாரும் தொழிலாளிக்கு இருக்கை இல்லை. ஆனால் அதன் முடிவு மட்டும் அவர் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது.

கட்டணத்தில் ஈடாகாத செலவு கடனாகத் திரளும். மின்வாரியத்தின் கடனுக்கு இது ஒன்றே காரணமன்று. நிலக்கரி விலையும் வட்டியும் உண்டு. எனினும் 2017-இல் உதய் திட்டத்தில் சேர்ந்தபோது மாநில அரசு ஏற்றுக்கொண்ட கடன் மட்டும் 22,815 கோடி ரூபாய்! 2022 செப்டம்பரில் கட்டணம் உயர்ந்தது. 2024 ஜூலையில் வீடுகளுக்கு 400 யூனிட் வரையிலான விலை 4 ரூபாய் 60 காசிலிருந்து 4 ரூபாய் 80 காசாயிற்று. கடனை அரசு சுமந்தால் வரியாகவும், வாரியம் சுமந்தால் கட்டணமாகவும் நம்மிடமே வருகிறது.

இப்போது புதியதொரு யானை வந்திருக்கிறது. அதுதான் கணிப்பொறிகளை அடுக்கி வைத்த தரவு மையம். சென்னையைச் சுற்றி, சிறுசேரி, அம்பத்தூர் போன்ற இடங்களில் இவை எழுந்துள்ளன. இவற்றை வரவேற்றுத் தமிழக அரசு 2021-இல் தனிக் கொள்கையே வெளியிட்டது. இரவு பகலாக 20 மெகாவாட் இழுக்கும் ஒரு மையம், இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் செலவிடும் 1,44,000 வீடுகளுக்குச் சமம். அதற்கென நிலையமும் கம்பியும் அமைத்த பிறகு அது தேவையைக் குறைத்துக்கொண்டால், அல்லது வேறிடம் சென்றால்?

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம் இதைச் சிந்தித்தது. அங்குள்ள பொதுப் பயன்பாட்டு ஆணையம் 2025 ஜூலையில் ஒரு பெரிய மின் நிறுவனத்தின் பகுதிக்கு விதி வகுத்தது. 25 மெகாவாட்டுக்கு மேல் கேட்கும் புதிய தரவு மையம், பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும், கேட்ட அளவில் 85 விழுக்காட்டுக்குப் பணம் கட்டவேண்டும். அதுவும் 12 ஆண்டுகள் வரை. செல்வம் கொழிக்கும் நாட்டுக்கே இந்த எச்சரிக்கை தேவையென்றால் நமக்கு வேண்டாமா?

நாம் கேட்கவேண்டியவை மூன்று. முதலாவது, பெரும் நுகர்வோர்க்கென்றே எழுப்பும் துணைமின் நிலையத்துக்கும் கம்பிக்கும் அவரே நீண்டகாலப் பொறுப்பேற்க வேண்டும். இரண்டாவது, கட்டண மனுவில் அச்செலவு தனியே, எளிய தமிழில் காட்டப்பட வேண்டும். மூன்றாவது, கருத்துக்கேட்பு மாவட்டந்தோறும் நடக்கவேண்டும். 2022 ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னை ஆகிய மூன்று ஊர்களில்தான் நடந்தது. உப்பளத் தொழிலாளி ஒருநாள் கூலியை இழந்து, பேருந்துக்கும் பணம் கொடுத்துச் சென்னை சென்று பேசுவாரா? ஆலைகளின் சார்பில் பேச வழக்கறிஞர்கள் வருகிறார்கள். குடிசையின் சார்பில் யார் வருவார்?

மாணவ நண்பர்களே! அங்கே நாம் வரலாம். அந்த மனுவைப் படித்து, ஊர்த் தேநீர்க் கடையில் நாலு பேருக்கு விளக்கிச் சொல்லலாம். ஆணையத்துக்கு ஓர் அஞ்சலட்டையேனும் எழுதலாம். பொருளாதாரப் பாடத்தில் நாம் கற்ற கூட்டலும் கழித்தலும் இதற்குக்கூடப் பயன்படாவிட்டால் வேறு எதற்கு? வெல்லம் தின்பவனே அதற்கு விலையும் கொடுக்கட்டும். விரல் சூப்பியவனிடம் வசூலிக்க வேண்டாம்!