பலாலி – இரத்மலானை: ஒரு மணித்தியாலப் பயணத்தின் உண்மையான தூரம்

பலாலிக்கும் இரத்மலானைக்கும் இடையிலான வான்வழித் தூரம் சுமார் 330 கிலோமீற்றர். சிறிய விமானம் ஒன்று ஒரு மணித்தியாலத்தில், அல்லது சற்றுக் கூடுதலான நேரத்தில் அதைக் கடந்துவிடும். தரைவழியே யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையே ஏறத்தாழ 400 கிலோமீற்றர். பஸ்ஸில் ஓர் இரவு முழுவதும் போய்விடும்.

ஆனால் போர்க்காலத்தில் நாங்கள் இந்தப் பயணத்தைக் கிலோமீற்றரில் அளந்ததில்லை. 1990இல் யாழ்தேவி நின்றது. ஏ-9 வீதியும் மூடப்பட்டது. குடாநாடு இராணுவத்தின் வசமான பின்னர் விமானமும் கப்பலுமே வழி. பறக்க ஒரு மணித்தியாலம். பாதுகாப்பு அனுமதிக்கோ நாட்கணக்கு, வாரக்கணக்கு. அதன் பின்னும் பொதிச் சோதனை, உடற்சோதனை, இராணுவ பஸ். 1998 செப்டெம்பர் 29 அன்று பலாலியிலிருந்து இரத்மலானை நோக்கிப் புறப்பட்ட லயன் எயார் விமானம் மன்னார்க் கடலில் வீழ்ந்து, அதிலிருந்த 55 பேரும் உயிரிழந்தனர். 2002இல் திறந்த ஏ-9, 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டபோது அதே வரிசைகள் திரும்பி வந்தன.

இன்று நிலைமை வேறு. 2009க்குப் பின் வீதி திறந்தது. 2014 ஒக்டோபரில் ரயில் யாழ்ப்பாணம் வந்தது. 2019 ஒக்டோபர் 17 அன்று பலாலி சர்வதேச விமான நிலையமானது. 2022 ஜூலையில் இரத்மலானைக்கான உள்நாட்டுச் சேவை மீண்டும் தொடங்கியது. பலாலியிலிருந்து சென்னை சுமார் 355 கிலோமீற்றர். திருச்சி 185 கிலோமீற்றருக்கும் குறைவு. அதாவது சென்னை எங்களுக்குக் கொழும்பு அளவு தூரம்தான். திருச்சியோ அதில் ஏறத்தாழ பாதி.

இந்தச் சேவைகளை நான் வரவேற்கிறேன். பெரும்பாலான தூதரகங்களும் தலைமை அலுவலகங்களும் கொழும்பில் இருக்கும்வரை, அவசர நோயாளிக்கும் விசாவுக்கு ஓடுபவருக்கும் ஒரு மணித்தியாலம் பெரிய விடயம். ஆனால் கட்டணம் சாதாரண குடும்பத்துக்கு எட்டாவிட்டால், இது புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் வசதி படைத்தவர்களுக்குமான சேவையாகவே சுருங்கும். காலையில் போய் மாலையில் திரும்பக்கூடிய, நம்பத்தகுந்த நேர அட்டவணையும் வேண்டும்.

இதைவிட முக்கியமானது காணி. விமான நிலையம் இருப்பது வலிகாமம் வடக்கில். 1990 ஜூனில் அங்கிருந்து இடம்பெயர்ந்தவர்களின் காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டாலும், ஒரு பகுதி இன்னும் படையினரிடம் உள்ளது. பெரிய விமானங்கள் இறங்க ஓடுபாதையை நீட்ட வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம், யாருடைய காணியில் என்ற கேள்வியும் எழ வேண்டும். அபிவிருத்திக்குத் தேவையானது எவ்வளவு, இராணுவத் தேவைக்கென வைத்திருப்பது எவ்வளவு என்பதை அரசாங்கம் வரைபடத்துடன் வெளியிட வேண்டும். எடுக்கும் காணிக்கு உரிமையாளரின் சம்மதமும் உரிய இழப்பீடும் வேண்டும். மிகுதி திருப்பிக் கொடுக்கப்பட வேண்டும்.

சென்னையிலிருந்து ஒரு மணித்தியாலம் சொச்சத்தில் பலாலியில் இறங்கலாம். ஓடுபாதையின் வேலிக்கு அப்பால் உள்ள தன் வளவுக்குப் போக, முப்பத்தைந்து ஆண்டுகள் கடந்தும் அந்தக் காணிக்காரருக்கு வழியில்லை. அதுதான் இன்று எங்களுக்கு மிக நீண்ட தூரம்.