நிரம்பிய கட்டத்தின் மேல் எழுதலாமா?

கம்ப்யூட்டர் மொழியைப் பற்றி ஓய்வுபெற்ற குமாஸ்தாவுக்கு என்ன அபிப்பிராயம் என்று கேட்பீர்கள். விஷயம் படிவம் பற்றியது. அதில் பேச எனக்கு உரிமை உண்டு.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் பேரன்தான் ‘பேட்டர்ன் மேட்சிங்’ பற்றிச் சொன்னான். வருகிற தகவலைக் கம்ப்யூட்டர் ஒரு மாதிரிப் படிவத்தோடு பொருத்திப் பார்க்கும். பொருந்தினால் ஒவ்வொரு துண்டையும் பெயரிட்ட ஒரு கட்டத்தில் போடும். அந்தக் கட்டத்துக்கு வேரியபிள் என்று பெயர். அதில் ஏற்கெனவே ஒன்று எழுதியிருந்தால் என்ன செய்வது என்பதில்தான் மொழிக்கு மொழி வழக்கு.

‘ஊர்’ என்ற கட்டத்தில் ஆவடி என்று இருக்கிறது. இப்போது பூந்தமல்லி வருகிறது. 2021 அக்டோபரில் வந்த பைத்தான் 3.10-இன் வழி இது: மாதிரியில் வெறுமனே ‘ஊர்’ என்று எழுதினால் அது ஒப்பிடாது. ஆவடியை எடுத்துவிட்டுப் பூந்தமல்லியைப் போட்டுக்கொண்டு போய்விடும். ஸ்வீடனின் எரிக்சன் கம்பெனியில், டெலிபோன் வேலைகளுக்காக 1980-களில் உருவான எர்லாங் அப்படியில்லை. அங்கே ‘ஊர்’ ஒருமுறை ஆவடி என்று ஆகிவிட்டால், அந்தக் கணக்கு முடியும்வரை ஆவடிதான். வேறு வந்தால் பொருந்தவில்லை என்று சொல்லி நின்றுவிடும்.

என் ஓட்டு எர்லாங்குக்கே. பணிப்பதிவேட்டில் பிறந்த தேதியின் மேல் வேறு தேதி எழுத எந்த அதிகாரியாவது விடுவாரா? அடித்தால்கூடப் பக்கத்தில் சான்றொப்பம் வேண்டும்.

நின்றுபோனால் ஜனங்களுக்குத்தானே அலைச்சல் என்பீர்கள். நியாயம்தான். ஆனால் அந்த அலைச்சல் எங்கே ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தபோதே நான் பார்த்த இரண்டு கட்டங்கள்: நோம் என்றால் குடும்பப் பெயர், ப்ரேநோம் என்றால் இட்ட பெயர். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயரே கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துதான் இனிஷியல். பான் கார்டு எண்ணின் ஐந்தாவது எழுத்து, தனிநபருக்குக் குடும்பப் பெயரின் முதலெழுத்து. அந்தக் கட்டத்தில் ஒருவர் அப்பா பெயரைப் போடுவார், இன்னொருவர் தன் பெயரையே போடுவார். படிவம் இரண்டையும் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொள்ளும். பல வருஷம் கழித்து ஆதாரோடு ஒத்துப்பார்க்கும்போது இடிக்கும். எழுபது வயதில் வரிசையில் நிற்பது நாம்தான். அன்றைக்கே நின்று கேட்டிருந்தால் ஐந்து நிமிஷ வேலை.

எர்லாங்கிலும் ஒரு சங்கடம் உண்டு. நூறு வரிக்கு மேலே எந்தக் கட்டம் நிரம்பியது என்று எழுதுகிறவன் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு எலிக்சிர் என்ற மொழி ஒரு வழி வைத்திருக்கிறது. வெறும் பெயர் என்றால் புதிதாக எழுது. பெயருக்கு முன்னால் ஒரு குறி போட்டால் இருப்பதோடு ஒப்பிடு. மறதிக்காரர்களுக்கு இதுவும் நல்ல ஏற்பாடுதான். நிரப்புகிறோமா, சரிபார்க்கிறோமா என்பது பார்த்தவுடன் தெரிய வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவே.

உங்கள் வீட்டிலும் இந்தத் தொழிலில் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்கள் எந்தக் கட்சி என்று கேட்டு எழுதுங்கள்.