இரணைதீவுக் கடலில் கிடந்த விமானம்

1998 செப்டம்பர் 29 அன்று யாழ்ப்பாணத்தின் பலாலியிலிருந்து கொழும்புக்கு அருகேயுள்ள இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் நிறுவனத்தின் அன்டனோவ்-24 விமானம், இலங்கையின் வடமேற்குக் கரைக்கு அப்பால் கடலில் விழுந்தது. பயணிகள் 48 பேர், பணியாளர் 7 பேர். எவரும் தப்பவில்லை. விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைகிறது என்று விமானி சொன்னார். சற்று நேரத்தில் ராடாரில் விமானத்தைக் காணவில்லை.

யாழ் குடாநாட்டுக்கான தரைவழியான ஏ9 வீதி அப்போது போர்க்களமாகிக் கிடந்தது. குடாநாட்டிலிருந்து வெளியேறக் கப்பலை விட்டால் விமானம்தான். பாதுகாப்பு அமைச்சின் 'கிளியரன்ஸ்' கிடைத்துவிட்டால், கொழும்பு ஆஸ்பத்திரிக்கோ விசா அலுவலுக்கோ போக வேண்டியவர்கள் கடன்பட்டாவது டிக்கெட் எடுத்தார்கள்.

விடுதலைப் புலிகளின் ஏவுகணைதான் வீழ்த்தியது என்று உடனேயே சொல்லப்பட்டது. சனம் ஏறிய விமானத்தைச் சுடுவது கொலை. அதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை, சுட்டவர் எவராயினும். ஆனால் சுட்டவரைக் கண்டுபிடிப்பதோடு விசாரணை முடிந்துவிடுமா? 1995 ஏப்ரல் 28, 29 ஆகிய இரண்டே நாட்களில் பலாலி வானில் இரண்டு அவ்ரோ விமானங்கள் வீழ்த்தப்பட்டிருந்தன. ஆபத்து தெரிந்த வான்வழியில் பொதுமக்கள் விமானத்தைப் பறக்கவிட்டது யார், என்ன துணிவில்?

இது வெளிநாடுகளில் கேட்கப்பட்ட கேள்விதான். 2014இல் உக்ரைன் வானில் 298 பேருடன் மலேசிய விமானம் வீழ்த்தப்பட்டபோது, நெதர்லாந்தின் விசாரணைச் சபை ஏவுகணையின் வகையைச் சொன்னதோடு நிற்கவில்லை. வான்வெளியை மூடப் போதிய காரணம் இருந்தும் மூடாமல் விட்டார்கள் என்றும் 2015 ஒக்டோபர் அறிக்கையில் எழுதியது. எவரையும் தண்டிப்பது விமான விபத்து விசாரணையின் வேலையல்ல என்பது சர்வதேச விதி. இன்னொரு விமானம் அப்படி விழாமல் தடுப்பதே வேலை. குற்ற விசாரணையின் பாதை வேறு. நம் நாட்டில் பேச்சு எப்போதும் அந்தப் பாதையோடு நின்றுவிடுகிறது.

சிதைவுகள் 2012இல்தான் இரணைதீவுக்கு அருகே கடற்படையினருக்குத் தென்பட்டன. அந்தக் காலத்துக் கறுப்புப் பெட்டி நீருக்கடியில் ஒலி எழுப்பியது ஏறத்தாழ 30 நாள். இங்கே போனதோ 14 ஆண்டு. 2014 ஜனவரியில், கடலடியிலிருந்து எடுத்த உடுப்புகளை யாழ்ப்பாணத்தில் பரப்பிவைத்து, உறவினர்களை அழைத்து அடையாளம் காட்டச் சொன்னார்கள். பதினைந்து வருடம் உப்புநீரில் ஊறிய துணியைப் புரட்டிப் புரட்டி, இது என் பிள்ளையுடையதா என்று ஒரு தாய் பார்க்க வேண்டியிருந்தால், அதற்கு முன் அரசு செய்யாமல் விட்டது எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள்.

2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாயிற்று. சென்னைக்கு விமானம் போகிறது, நல்லது. சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை இன்னொரு வேலையும் செய்ய வேண்டும். 1998இல் அந்த விமானம் எப்படி விழுந்தது, அந்த வழிக்கு அனுமதி கொடுத்தது யார், கடலில் எடுத்தவை எவை, இறந்தவர்களின் எலும்புகள் எங்கே என்ற நான்குக்கும் விடை சொல்லும் அறிக்கையைத் தமிழில் அச்சிட்டு, முதல் பிரதியை அந்தக் குடும்பங்களின் கையில் கொடுங்கள்.