குறட்டையைக் கேளுங்கள், ஷிப்டையும் கேளுங்கள்

40 வயதைக் கடந்த தொழிலாளர்களுக்கு ஆண்டுதோறும் இலவச மருத்துவப் பரிசோதனை என்பது, 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அளிக்கும் உறுதிகளுள் ஒன்று. வரவேற்கத்தக்கதே. ஆனால், குறட்டை விடுவீர்களா, எந்த ஷிப்டில் வேலை என்ற இரு கேள்விகள் அதில் இடம்பெறாவிட்டால் இதயத்தைப் பொருத்தவரை அதன் பயன் பாதிதான் என்பேன்.

குறட்டையை நகைச்சுவையாகவே பார்த்துப் பழகிவிட்டோம். உரத்த குறட்டை திடீரென நின்று, சில நொடிகளில் திணறலுடன் மீண்டும் தொடங்கினால், அது 'ஸ்லீப் ஆப்னியா' எனும் உறக்க மூச்சுத்தடையாக இருக்கலாம். தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை 10 நொடிகளோ அதற்கு மேலோ அடைபடுகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது. மூளை பதறி எழுப்புகிறது. ரத்த அழுத்தம் எகிறுகிறது. நோய் முற்றியவர்களுக்கு இது மணிக்கு 30 முறையோ அதற்கு மேலோ நிகழும்.

இயல்பான உறக்கத்தில் ரத்த அழுத்தம் 10 முதல் 20 சதவீதம் வரை தாழும். இதயத்துக்கு வாய்க்கும் ஓய்வு அது. மூச்சுத்தடை அதைப் பறிக்கிறது. இரவுப் பணியோ உறக்கத்தைப் பகலுக்குத் தள்ளி, உடலின் உட்கடிகாரத்தோடு மோதவிட்டு, உறங்கும் நேரத்தையும் சுருக்குகிறது. இரண்டும் ஒருவரிடமே சேர்ந்தால் இதயத்தின் சுமை கூடும். விழித்திருக்கும்போது ஒருமுறை அளக்கப்படும் ரத்த அழுத்தம் இதைக் காட்டாமலே போகலாம்.

முகமூடி வழியே சீரான அழுத்தத்தில் காற்றைச் செலுத்தும் 'சி-பாப்' கருவி இதற்கான முதன்மைச் சிகிச்சை. ஆயினும், 2016-இல் வெளியான 'சேவ்' ஆய்வில், ஏற்கெனவே இதய, மூளை ரத்தநாள நோய் இருந்தவர்களுக்கு அக்கருவியால் மாரடைப்போ பக்கவாதமோ குறைந்ததாகத் தெரியவில்லை. அவர்கள் அதை அணிந்திருந்தது இரவுக்குச் சராசரியாக 3.3 மணி நேரமே. இரவில் உறங்குவோர் நிலையே இது. காலை 7 மணிக்கு வீடு திரும்பி, குக்கர் விசிலுக்கும் அழைப்புமணிக்கும் இடையே துண்டு துண்டாக உறங்குபவர் எவ்வளவு நேரம் அணிவார்?

கேள்வி கேட்டால் மட்டும் போதாது. உண்மையான பதிலும் வர வேண்டும். நோய் வெளியே தெரிந்தால் இரவுப் படி போகும், ஒப்பந்தம் நீளாது என்று அஞ்சுபவர் வாய் திறக்கமாட்டார். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1990-ஆம் ஆண்டு இரவுப்பணி உடன்படிக்கை இதை முன்பே உணர்ந்திருந்தது. இரவுப் பணிக்குத் தகுதியில்லை என்ற முடிவைத் தவிர வேறெதையும் தொழிலாளியின் ஒப்புதலின்றிப் பிறருக்குத் தெரிவிக்கவோ அவருக்குப் பாதகமாகப் பயன்படுத்தவோ கூடாது. தகுதியற்றவரை, இயன்றவரை, அவருக்கேற்ற ஒத்த பணிக்கு மாற்ற வேண்டும் என்கிறது அது. இந்தப் பாதுகாப்பு நம் விதிகளிலும் எழுத்தில் இருக்க வேண்டும். பகல் ஷிப்டுக்கு மாறுபவருக்குச் சில மாதங்களாவது பழைய வருமானம் குறையாத ஏற்பாட்டுடன்.