நீலத் தும்பை

கனகசெட்டிக்குளத்துக் கடற்கரை மணலில் பூந்தோட்டம் போடப் போகிறோம் என்று நாம் சொன்னபோது நண்பர்கள் சிரித்தார்கள். "அங்கே சவுக்கும் தென்னையும் வளரும், வேறு எது வளரும்?" என்றார்கள். அவர்கள் சொன்னதில் பாதி உண்மை. உப்புக் காற்று இளந்தளிரைக் கருக்கிவிடுகிறது. மணலோ, ஊற்றிய ஜலத்தை மறு நிமிஷமே விழுங்கிவிட்டு ஒன்றுமறியாதது போல் இருக்கிறது. ஆயினும் சென்ற தை மாதம் முதல் பங்குனி முடிய நமது வேலியோரத்தில் முழ உயரத்துக்கு நீலக் கதிர்கள் நின்று ஆடின. அவற்றைப் பற்றியே இவ்வாரம் நேயர்களுடன் பேச விரும்புகிறோம்.

இச்செடியின் சாஸ்திரப் பெயர் ஸால்வியா பாரினேஸியா. முதற் சொல், நலம் காத்தல் என்னும் பொருளுள்ள லத்தீன் பதத்திலிருந்து வந்தது. இரண்டாவது, மாவு படிந்தது என்று பொருள்படும். பூங்கதிரின் தண்டில் வெண்மாவு தூவினாற் போன்ற மெல்லிய பூச்சு இருப்பதைக் காணலாம். இதன் பிறந்தகம் டெக்ஸாஸும் வட மெக்ஸிகோவும். ஆனால் தண்டைத் தொட்டுப் பாருங்கள், சதுரமாயிருக்கும். இலைகள் எதிரெதிராக அமைந்திருக்கும். பூவுக்கு இரண்டு உதடுகள் உண்டு. நம் துளசிக்கும் தும்பைக்கும் இவ்வடையாளங்களே! மூன்றும் ஒரே குடும்பம். ஆகையால் நம் வீட்டுக் குழந்தைகள் இதற்கு "நீலத் தும்பை" என்று நாமகரணம் செய்துவிட்டார்கள்.

"அந்நிய தேசத்துச் செடிக்கு நம் முற்றத்தில் இடம் எதற்கு?" என்று ஒரு பெரியவர் கேட்டார். அன்று அவர் இலையில் விழுந்த மிளகாயும், வாசலில் தொங்கிய துலுக்கச் சாமந்தியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவைதாம் என்று வணக்கத்துடன் தெரிவித்துக் கொண்டோம். நீல நிறமும் இந்த மண்ணுக்குப் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவுரிச் சாயம் தோய்த்த புதுச்சேரி நீலத்துணி ஆப்பிரிக்காவிலுள்ள ஸெனகல் வரை கப்பலேறிற்று. அந்த ஸெனகலில் ஆராய்ச்சி செய்து, பின்னர் புதுச்சேரியில் பணிபுரிந்து, 1870-ல் இங்கேயே காலமான பெரோத்தே என்னும் தாவர நூலறிஞர், அவுரியைப் பற்றி 1842-ல் தனி நூலே எழுதினார். வந்தவர் யார் என்பதைவிட, வந்தவர் இந்த மண்ணோடு ஒத்து வாழ்கிறாரா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

ஒத்து வாழத் தெரியாமற் போனது முதலில் நமக்குத்தான். ஐப்பசியிலேயே நாற்றுக்களை வெளியில் நட்டுவிட்டோம். 2024-ஆம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி பெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரை கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிற்று. வேரில் நீர் நின்றால் இச்செடி பிழைக்காது. நம்முடையவை யாவும் அழுகிப் போயின.

மறு வருஷம் புத்தி வந்தது. புரட்டாசிக் கடைசியில் அகன்ற சட்டிகளில் விதை தூவினோம். விதை முளைக்க வெளிச்சம் வேண்டுமாதலால் அதை ஆழப் புதைக்காமல் மேலே மணல் மட்டும் லேசாகத் தூவுவது நல்லது. இரண்டு வாரத்தில் முளை கண்டது. அடைமழை முடியும் வரையில் சட்டிகள் தாழ்வாரத்தில் இருந்தன. செடி நான்கு விரல் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளினோம். அதனால் பக்கக் கிளைகள் பெருகின. மார்கழி நடுவில், மணலோடு செம்மண்ணும் மக்கிய எருவும் கலந்து, மேடாக்கிய பாத்தியில் ஒரு முழ இடைவெளி விட்டு நட்டோம். கடற்காற்றுக்குத் தென்னோலைத் தட்டி மறைப்பாயிற்று. வெயில் மட்டும் தடையின்றி விழவேண்டும்.

இனி ஒரு முக்கியமான விஷயம். அன்பு மிகுதியால் தினந்தோறும் குடம் குடமாய் ஊற்றாதீர்கள்! வேர் பிடித்த பின், வாரம் இருமுறை, காலை வேளையில், அடியில் மட்டும் ஊற்றினாற் போதும். மேலே சருகு பரப்பினால் ஈரம் நிற்கும். எரு அதிகமானால் இலை கொழுக்கும், பூ குறையும். பூத்து ஓய்ந்த கதிரை நறுக்கிவிட்டால் புதுக் கதிர் எழும்.

இந்தச் சிக்கனம் செடியின் நன்மைக்கு மட்டுமன்று. கடலோரத்தில் மழை தருவதற்கு மேல் நாம் நிலத்தடி நீரை இறைத்தால், அந்த இடத்தைப் பிடிக்கக் கடல் உள்ளே வருகிறது. நமது கிணறே சித்திரையில் சற்று உவர்த்தது. அதை முதலில் கண்டுபிடித்தது நாமல்ல. இலை ஓரம் கருகிய இந்தச் செடிதான். அன்று முதல் கூரை நீரைத் தொட்டியில் சேர்த்து வைக்கிறோம். தோட்டத்துக்காகக் குடிநீரைக் கெடுத்துக் கொள்ளும் குடும்பம், அழகின் பெயரால் அடுத்த தலைமுறையிடம் கடன் வாங்குகிறது.

காலையில் குழந்தைகளை இச்செடியருகே உட்கார வையுங்கள். ஸால்வியாப் பூவுக்குள் தேனீ தலையை நுழைத்ததும், உள்ளே ஏற்றம் போலமைந்த மகரந்தத் தண்டு தாழ்ந்து, அதன் முதுகில் மகரந்தத்தை அப்பிவிடும். ஜெர்மானியராகிய ஸ்ப்ரெங்கெல் பூக்களுக்கும் வண்டுகளுக்குமுள்ள இத்தகைய உறவுகளை 1793-ல் நூலாக வெளியிட்டார். நம் வீட்டுச் சிறுமியோ நூலெதுவும் படியாமலே கண்டுகொண்டாள். "தேனீக்கு யாரோ பொட்டு வைக்கிறார்கள்!" என்று கூவிக்கொண்டு அவள் ஓடி வந்த காலையில், அழுகிப்போன முதல் வருஷத்து நாற்றுக்களை நாம் மறந்துவிட்டோம்.